துரும்பை மறந்த மனிதர்

அன்புள்ள அத்தான்,

நான் இருக்கிறேன், நீங்கள் இல்லை. ஆகையால் நலம், நலமறிய ஆவல் என்ற வரியை இந்தமுறை விட்டுவிடுகிறேன்.

வருகிற கிழமை உங்களுடைய ஆட்டைத்திவசம். ஏதாவது எழுதித் தரும்படி அக்கா கேட்டார். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் புலவர் உங்கள்மேல் இருபத்துநாலு வெண்பாப் பாடினார். அதில் நீங்கள் கொடையில் மேகம், பொறுமையில் பூமி. ஒரு சுருட்டை மூன்று துண்டாக வெட்டி மூன்று நாள் பற்றினவர் என்பதும், பொறுமை கெட்டு ஒருநாள் ஆட்டத்தில் என் கையிலிருந்த கடுதாசிச் சீட்டைப் பறித்துக் கிழித்தவர் என்பதும் வெண்பாவுக்குள் அடங்கவில்லை. அதனால் நான் வசனத்தில் எழுதுகிறேன். அக்காவுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் சேர்த்துத்தான். ஏனென்று போகப் போக விளங்கும்.

முதலில் செய்திகள். மலாயாவை யப்பான்காரன் பிடித்துவிட்டான். முப்பது வருஷம் நீங்கள் பச்சைக்கொடி காட்டின ஸ்டேசனில் இப்போது அவன் காட்டுகிறான். ரயில் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டு எழுத வழியில்லை; தபால் நின்றுவிட்டது. இங்கே அரிசிக்குக் கூப்பன். பெரிய ஆளுக்கு அளவு கூட, பிள்ளைக்குக் குறைய என்றபடியால் ஊரில் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதத்தில் வளர்ந்துவிட்டார்கள். பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றையும் எழுதுகிற பதிவுகாரனுக்குச் சரியான வயது தெரியும் என்பதால், தாய்மார் என்னைக் கண்டால் வேலிப்பக்கம் ஒதுங்கிப் போகிறார்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு நடக்கிறது. ஆவணியில் பதிவுப் புத்தகத்தின் எழுத்துகள் திடீரென்று சிறுத்துவிட்டன. யுத்தகாலம், மை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைத்து அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு முறைப்பாடுகூட எழுதி வைத்தேன். மனைவி தன்னுடைய கண்ணாடியை எடுத்து என் மூக்கில் மாட்டினாள். எழுத்துகள் பழையபடி பருத்தன. முறைப்பாட்டை அனுப்பவில்லை. பாயிலிருந்து எழும்ப முன்பெல்லாம் முருகன் ஒருவர் போதும். இப்போது தமையனாரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கடைவாய்ப்பல் இரண்டு போய், பேசும்போது காற்று வருகிறதாம். பேச்சுக் குறையவில்லை.

இவ்வளவும் நீங்கள் சிரிப்பதற்கு. இனி வருவது வேறு.

கந்தையா அண்ணை வீட்டு விறாந்தையில் பின்னேர முந்நூற்றுநாலுக் கடுதாசி ஆட்டம் இன்றைக்கும் நடக்கிறது. சுருட்டுக் கொட்டில் கந்தையா அண்ணையும் செல்லையாப் பரியாரியாரும் ஒரு பக்கம், நீங்களும் நானும் மறுபக்கம் என்று பதினொரு வருஷம் ஆடினோம். உங்கள் இடத்தில் இப்போது இளைப்பாறின றோட்டு ஓவசியர் ஒருவர் இருக்கிறார். வாய் திறக்கமாட்டார். எனக்கு அது ஒரு தண்டனை.

வாசிக்கிறவர்களில் கடுதாசி தொடாத புண்ணியவான்களும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று அதிகமாகக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்துத் தனக்கு முன்னால் கவிழ்த்து வைப்பார். அது இதயம் போட்ட ஆட்டின் என்றால் ஆட்டின், மூவிலைக் கிளாவர் என்றால் கிளாவர், அந்த இனந்தான் துரும்பு. அது அவருக்கு மட்டுமே தெரியும், கூட்டாளிக்கும் தெரியாது. எதிராளி வெட்டுவதற்கு ஒரு கடுதாசியைக் கவிழ்த்துப் போட்டால், கேட்டவர் அதை எடுத்துப் பார்த்து, துரும்பா இல்லையா என்று சொல்ல வேண்டும். அப்போது தான் வைத்ததைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் விறாந்தையில் குற்றம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் நீங்கள். வைத்ததை நினைவில் வைக்க முடியாதவன் ஏன் கேட்கிறான் என்று நியாயமும் சொன்னீர்கள்.

சொல்லத் தகுதி இருந்தது. நாலாவது சுற்றுப் பிடி முடியும்போது யார் கையில் என்ன மிச்சம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். முப்பது வருஷத்து ரயில் நேரங்களைத் தலையில் சுமந்தவருக்கு முப்பத்திரண்டு கடுதாசி எம்மாத்திரம்? நான் பிழையாகப் போட்டால், ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது முதற்பிடியிலிருந்து ஒப்புவித்து என் காதைத் திருகுவீர்கள்.

அறுபத்தாறு வயதில் முழங்கால் போனது. அது எல்லாருக்கும் போகிறது. பிறகு என்னை, காலமான என் தமையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நானும் ஓம் என்றேன்; அவர் என்னைவிட நல்லவர். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று வெளிக்கிட்டுத் தபாற்கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள். பழக்கதோஷம், மலாயாவுக்குக் கடிதம் போட வந்தார் என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மாசி மாதத்துப் பின்னேரம். நீங்கள் கேட்டுத் துரும்பு வைத்திருந்தீர்கள். மூன்றாம் பிடியில் கந்தையா அண்ணை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். எடுத்துப் பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்து, மாட்டி, இன்னொருமுறை பார்த்தீர்கள். உங்கள் கை, வைத்த துரும்புப் பக்கமாக ஒரு விரற்கடை போய்த் திரும்பி வந்தது. பிறகு என்னைப் பார்த்தீர்கள். எனக்கும் தெரியாதே, அத்தான்.

கால் விறைத்தவன்போல நீட்டினேன். படிக்கம் சரிந்தது. வெற்றிலைத் துப்பல் பாய் முழுக்க ஓடி, ஆட்டம் கலைந்தது.

அடுத்த கிழமை செம்புத் தண்ணீரைத் தட்டினேன். அதற்கடுத்த கிழமை திரும்பவும் படிக்கம். பரியாரியார் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு மாதத்துக்குக் கஷாயம் தந்தார். வேப்பெண்ணெய் அதற்குப் பக்கத்தில் பாயசம். காலை, மாலை இரண்டு வேளையும் குடித்தேன். குடிக்காவிட்டால், தளர்ந்தது யாருக்கு என்று தெரிந்துவிடுமே. அந்த மாதம் முழுவதும், இப்படி ஒரு மைத்துனன் யாழ்ப்பாணத்தில் இல்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மெச்சலை வேறு யாராவது கேட்க வேண்டும்போல் இருந்ததுதான் வினை.

வைகாசியில் அளவெட்டிக்கு ஒரு கலியாண எழுத்துக்குப் போனேன். மேளகாரர் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் வழக்கம்போலப் பதிவுகாரரிடம் கதை கேட்டார்கள். சொன்னேன். பெயர் சொல்லவில்லை. மலாயா என்றேன், ஸ்டேசன் மாஸ்டர் என்றேன், முழங்கால் என்றேன். பிறகு பெயர் எதற்கு? உங்களைப்போலவே கண்ணாடியைத் துடைத்தேன். கை போய்த் திரும்பி வந்ததைக் காட்டினேன். படிக்கம் சரிகிற இடத்தில் தவில்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கியதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, விறாந்தையில் கடுதாசி போட்டதும், நீங்கள் அதைக் கையில் எடுக்காமலே சொன்னீர்கள்.

"இண்டைக்குத் தொடக்கம் நான் கேக்கேல்லை. தம்பி கேக்கட்டும்."

கேட்காமலே பத்து நாள் ஆடினீர்கள். பிறகு முழங்காலைச் சாட்டி வராமல் விட்டீர்கள். ஆவணியில், சாப்பிட்டாயிற்றா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் நான் வந்தபோது யார் என்று கேட்டீர்கள். பதிவுகாரன் என்றேன். ஆருக்குக் கலியாணம் என்று ஆசையாகக் கேட்டீர்கள். கார்த்திகையில் போய்விட்டீர்கள்.

அந்தப் பதிவையும் நான்தான் எழுதினேன். மரண காரணம் என்ற இடத்தில் முதுமை என்று எழுதினேன். அது பிழையில்லை. ஆனால் அந்தக் கட்டம் சின்னது. ஒரு சொல்லுக்குத்தான் இடம். வீட்டோடு இருந்ததால் புத்தி கெதியாகப் போயிற்றா என்று பரியாரியாரைக் கேட்டேன். எப்படியும் போயிருக்கும் என்றார். நம்புவதற்கு எனக்கும் விருப்பந்தான். ஆனால் நீங்கள் கேட்பதை விட்டது நீங்களாகவே விட்டதா, அல்லது அளவெட்டிச் சிரிப்பு உங்கள் காதுவரைக்கும் வந்ததா? ஒரு வருஷமாக எனக்குத் தெரியவேண்டியிருந்தது இது ஒன்றுதான். தெரிந்துகொள்ளப் பயமாக இருந்ததும் இது ஒன்றுதான்.

இரண்டு கிழமைக்கு முன் நான் கேட்டேன்; துரும்பும் வைத்தேன். பரியாரியார் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். எடுத்துப் பார்த்தேன். ஆட்டின் ஏழு. அது துரும்பா? தலைக்குள் தேடினேன். சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெறுமையாக இருந்தது. முதுகு வேர்த்தது. அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், நினைக்கவில்லை. என் கால் தன்பாட்டில் படிக்கத்தைத் தேடிப் போனது.

கந்தையா அண்ணை படிக்கத்தைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மறந்திட்டுதெண்டால் மறந்திட்டுதெண்டு சொல்லும். பாய் கழுவிக் கழுவி என்ரை மனிசிக்கு நாரி முறிஞ்சு போச்சு."

அதாவது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். நான் உங்களை ஒளித்து வைத்ததாக நினைத்த விறாந்தையில் நீங்கள் ஒருநாளும் ஒளிந்திருக்கவில்லை. அப்படியென்றால் எனக்கு ஏன் ஒரு மாதம் கஷாயம் தந்தீர்கள் என்று பரியாரியாரிடம் சண்டைக்குப் போனேன்.

"பொய்க்கு என்னட்டை வேறை மருந்து இல்லை, தம்பி" என்றார்.

ஐந்து நாள் ஊரைச் சுற்றி முகங்களைப் பார்த்தேன். சந்தியில் நாலு பேர் சிரித்தால் என்னைத்தான் என்று நின்றேன். மனைவி அடுப்படியில் தனக்குள் சிரித்ததற்குக்கூட விசாரணை வைத்தேன். அவள் ஏதோ பூனையைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். நான் துரும்பை மறந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. ஓவசியர்கூடச் சொல்லவில்லை. கந்தையா அண்ணையும் பரியாரியாரும் உங்கள் கதையையும் அப்படித்தான் வைத்திருந்திருக்கிறார்கள். அதைப் பந்தலில் அவிழ்த்தவன் உங்கள் மனைவியின் தம்பி ஒருவன்தான்.

ஆறாம் நாள் அக்காவிடம் போனேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், தவில்காரரின் தட்டு உட்பட. அக்காவின் கை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும். அந்தக் கதையை அவர் ரண்டு தரம் கேட்டவர்."

முதல்தரம் சந்தையில், கலியாணம் முடிந்து மூன்றாம் நாள். யாரோ ஒருவர் சிரித்துச் சிரித்து உங்களிடமே சொல்லியிருக்கிறார். மீனைக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்துவிட்டு, தம்பி நல்லாய்த்தான் சொல்லியிருப்பான் என்றீர்களாம். அடுத்த நாள் பின்னேரம் விறாந்தைக்கு வந்து, இனிக் கேட்பதில்லை என்றீர்கள்.

இரண்டாந்தரம் ஐப்பசியில். அளவெட்டியிலிருந்து வந்த ஒருவர், யாருக்கு முன்னால் இருக்கிறோம் என்று அறியாமல் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் கதையில் படிக்கம் சரிந்துவிட்டதாம். நீங்கள் சிரித்தீர்களாம். இருமல் வரும்வரை சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டீர்களாம்.

"ஆரப்பா உந்த மனிசன்? பாவமெல்லே."

சண்டிலிப்பாய்ப் பக்கம் ஆரோ, எங்களுக்குத் தெரியாத ஆள் என்று அக்கா சொன்னாராம். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்களாம்.

இதை ஏன் ஒரு வருஷமாக எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கேல்லையே" என்றார் அக்கா. பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இருந்து சாப்பிட்டேன். கோபமா என்று கேட்கத் துணிவு வரவில்லை. முருங்கையிலை வறையில் உப்பு அளவாகத்தான் இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என் கதைகளுக்குச் சிரித்தவர்கள் பலர். இருமல் வரும்வரை சிரித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கதையில் வந்த மனிதருக்காக இரங்கினவரும் நீங்கள் ஒருவர்தான். அளவெட்டிப் பந்தலில் ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. சொல்வதற்கு நான் இடம் வைக்கவுமில்லை.

விறாந்தைக்குத் திரும்பவும் போகிறேன். கேட்கிறேன். நேற்றும் ஒருமுறை மறந்தது. மறந்துவிட்டது என்று வாயால் சொன்னேன். ஆட்டத்தில் தோற்றோம். ஓவசியர் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்றார். அவர் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தை மாதம் அளவெட்டியில் அதே வளவில் இளைய மகளுக்கு எழுத்து. பதிவுகாரன் நான்தான். கதை கேட்பார்கள். அந்தக் கதையையே சொல்லுவேன். ஆனால் அதில் மலாயா வராது, ஸ்டேசன் வராது. ஆட்டின் ஏழு வரும், வேர்த்த முதுகு வரும். யாராவது சிரிப்பை நிறுத்தி, ஆர் அந்த மனிசன் என்று கேட்டால், நான் என்று சொல்லுவேன். ஒருவரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. தைக்கு இடையில் மறந்துபோனால் யாராவது ஞாபகப்படுத்தட்டும் என்றுதான் இதை அச்சில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு பதினொரு வருஷம் கூட்டாளியாய் இருந்த மைத்துனன்,
பதிவுகார வைத்திலிங்கம்