நான் சொன்ன ஜெபக் குறிப்பு

அன்புள்ள அக்கா,

இன்று காலை போன் அலறியது. இரவு உறைபனி, கவனம் என்று எச்சரிக்கை. கறிவேப்பிலைத் தொட்டியை இழுத்துக் கராஜுக்குள் வைத்தேன். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்துவிட்டேன். பிறகு என்னை அறியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று. நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம் இது.

டெக்சாஸில் குளிர் வருகிறது என்றால் நம் ஊர் காப்பெலில் பாதித் தமிழ் வீடுகளுக்கு உங்கள் போன் போகும். "ஏட்டி, செடிய உள்ள வச்சியா? பைப்ப சொட்ட விட்ருக்கியா? அந்தப் புதுசா வந்த பிள்ளைக்கு ஹீட்டர் போடத் தெரியுமோ என்னவோ, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா." பாளையங்கோட்டைப் பேச்சை இத்தனை வருட அமெரிக்கா ஒன்றும் செய்யவில்லை. பிரசவித்தவளுக்குப் பூண்டு ரசம், வேலை போனவன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை மீன் குழம்பு, கார் இல்லாத பெரியவர்களுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சவாரி. சபையில் உங்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. எல்லாவற்றையும் நீங்கள்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

பொறுப்பு எனக்குத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்குழுவின் தலைவி. ஆபீஸில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு, அதே கண்ணோடு சபைக்கும் வந்தேன். யார் ஆராதனைக்கு வரவில்லை, யார் பாட்டின்போது போனைப் பார்க்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆவிக்குரிய வாழ்க்கையில் விழிப்பு என்றால் இதுதான் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். என் நாக்கை மட்டும் நான் கவனிக்கவே இல்லை.

மளிகைக் கடை பார்க்கிங்கில் உங்கள் வேனில் உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? கத்தரிக்காய் விலையைத் திட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினீர்கள்.

"எனக்கு ஜெபிக்க வரமாட்டேங்குட்டி."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான். முழங்கால் போட்டா சுவத்தையே பாத்துட்டு எந்திச்சு வந்துடுதேன். மாசக்கணக்கா இப்படித்தான். ஆண்டவர் இருக்காரா இல்லையான்னே தெரியல. யார்ட்டயும் சொல்லிராத, என்ன?"

"சேச்சே, சொல்வேனாக்கா" என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆன்ட்டி வீட்டில் கூட்டம். தலைவி நான் என்றாலும், சபை மூப்பரின் மனைவி என்பதால் அவர் வீட்டில் அவர்தான் நடத்துவார். "வேற ஜெபக் குறிப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஒரு நொடி அமைதி. என் வாய் அந்த ஒரு நொடியைத் தாங்காது. "ஒரு சகோதரிக்காக பாரத்தோட ப்ரே பண்ணணும். பேர் சொல்ல விரும்பல. எல்லாருக்கும் ஓடி ஓடிச் செய்றவங்க. இப்ப அவங்களாலயே ஜெபிக்க முடியல, விசுவாசத்துல டவுட் வந்திருக்கு."

ஓடி ஓடிச் செய்கிறவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான். அத்தனை தலையும் உங்கள் பக்கம் திரும்பி, உடனே குனிந்தது. ஆன்ட்டி எழுந்து வந்து உங்கள் தலையில் கை வைத்து, தூங்குகிற ஆத்துமாவைத் தட்டி எழுப்பும்படி சத்தமாக ஜெபித்தார். முடிந்ததும் நீங்கள் எழுந்து சமையலறைக்குப் போய் இடியாப்பத்தைச் சூடு பண்ணினீர்கள். என் தட்டருகே வந்து, "சொதி போதுமா?" என்று கேட்டீர்கள். விருந்தாளியிடம் கேட்பது மாதிரி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் உங்களைக் கெடுத்தேன்.

மறுநாள் போன் பண்ணினேன். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன், வந்ததோ வேறு. "நல்லதுக்குத்தான்கா சொன்னேன். பேர்கூட சொல்லலையே." "தெரியும்ட்டி" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதற்குப் பிறகும் போன் பண்ணினீர்கள், செடியைப் பற்றி, பைப்பைப் பற்றி, அடுத்தவரைப் பற்றி. உங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அக்கா மன்னித்துவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். எவ்வளவு வசதியான நம்பிக்கை!

வியாதி முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கார அண்ணனிடம் சண்டைக்கே போனேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரிக்கு நான் டிரைவ் பண்ணியிருப்பேனே, கூட உக்காந்திருப்பேனே!" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டா மா. சொன்னா ஜெபக் குறிப்பு ஆக்கிருவாங்களாம்."

கீமோ நாட்களில் அண்ணனுக்கு லீவு கிடைக்காதபோது நீங்கள் வாடகைக் காரில் தனியாகப் போய் வந்தீர்களாம். ஊரையே டாக்டரிடம் கூட்டிப்போனவர். பயத்தையும் வாந்தியையும் தனியாகத் தாங்கினீர்கள், என்னால். இதை நினைக்கும்போதெல்லாம் வெட்கத்தில் முகம் எரிகிறது.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தது ஒரு மத்தியானம். ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியாட்டி?" என்றீர்கள். "ஜெபிக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"பண்ணு. ஆனா மனசுக்குள்ள பண்ணு."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை. கூட்டத்தில் மூச்சு விடாமல் கொட்டுகிறவள் நான். கேட்க ஆள் இல்லாமல் ஆண்டவரோடு பேச எனக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கட்டிலருகேதான் தெரிந்தது. கண்ணைத் திறக்கவும் பயம். வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தீர்களோ என்னவோ, மெதுவாக "ஆமென்" என்றீர்கள்.

அக்கா, அங்கே ஜெபமே இல்லை. "எனக்கும் வரமாட்டேங்குக்கா" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஜெபம் வராத அந்தப் பயத்தில் நீங்கள் தனியாக இருந்திருக்க மாட்டீர்கள். வாழ்நாளெல்லாம் வாயாடியவள், பேச வேண்டிய ஒரே இடத்தில் ஊமையாக இருந்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வந்தேன்.

குழுத் தலைமையை விட்டுவிட்டேன். நான் சோர்ந்துபோனதாகப் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்கிறேன். சில நாள் சுவர்தான் தெரிகிறது. ஆமென் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், ஜெபம்தான் பாக்கி. அதைத்தான் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.