ஈஸ்டுக்குள் இருக்கும் கத்தரிக்கோல்

இன்று காலை பேருந்து நிலையத்தைக் கடந்தபோது உம் ரொட்டிக் கடையிலிருந்து புளித்த மாவின் வாசனை வந்தது. உடனே உம் நினைப்பு. நீர் உயிரோடு இருந்தவரை உம்மை ‘நீங்க, அண்ணாச்சி’ என்றேன். இது என் காகிதம். இதில் ‘நீர்’தான்.

நம் தெருவுக்கு எழுத்துச் சொல்லித்தர முதியோர் கல்வி வகுப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விளக்கு வைக்கும் நேரத்தில் வகுப்பு. விடியற்காலையில் நான் செய்துவந்த மாவு வேலையை அந்த வாரமே நீர் சாயங்காலத்துக்கு மாற்றினீர். ஈஸ்ட் கலந்தபின் மாவு பொங்கும்; விட்டு நகர முடியாது. தெரிந்துதான் செய்தீர். கேட்டதற்கு, “ஏலே, நீ எழுத்துப் படிச்சிட்டா மாவ யாருலே பிசைவா? கலெக்டரா?” என்றீர். கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என்னையே சிரிக்க வைத்ததற்குத்தான் இன்னும் உம்மை மன்னிக்கவில்லை.

நீர் போன பிறகு, கிழவனாகித்தான் எழுத்துக் கற்றேன். என் மகள் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எதில் தெரியுமா? ஈஸ்டில்! அதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். “அப்பா, ஒங்களுக்குப் புரிஞ்சாத்தான் அச்சுக்குக் குடுப்பேன்” என்றாள்.

இன்று காலை அந்தக் கட்டுரை என் சட்டைப்பையில் இருந்தது. நேரே கடைக்குள் போனேன். மாலை போட்ட உம் படத்தின் முன் நின்று சத்தமாக வாசித்தேன்.

“சித்தப்பா, எங்கய்யா போட்டோகிட்ட என்ன வாசிக்குதீங்க?” என்றான் உம் மகன்.

“ஈஸ்டப் பத்தி, தம்பி.”

“அவியளுக்கா ஈஸ்டு தெரியாது!”

“இது ஈஸ்டுக்கு உள்ள நடக்குற சங்கதி.”

மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எழுதப்படுகிறதாம். நான்கே எழுத்துதான் அதற்கு. பாவம், நான் இருநூற்று நாற்பத்தேழு படித்தேன்! சில நகல்களின் நடுவே வேண்டாத துண்டு இருக்கும். புரதங்கள் வரிசையாக வந்து கூடி, ஒன்றோடொன்று பொருந்தி, அதை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் ஒட்டிவிட்டுக் கலைந்துபோகின்றன. கலையும் முன்பே உறையவைத்துப் படமெடுத்து, எந்தப் புரதம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் என் மகள் வேலை.

‘வேண்டாத துண்டு’ என்ற இடத்தில் நிமிர்ந்து உம்மைப் பார்த்தேன். அந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்தேன்.

எழுத்துக் கூட்டித்தானே வாசிக்கிறேன், நேரமானது. மாவு பிசைகிற பையன்களும் வந்து கேட்டு நின்றார்கள். உள்ளே தொட்டி பொங்கித் தரையில் வழிந்தது. “ஐயையோ, மாவு!” என்று உம் மகன் ஓடினான். நான் கடைசி வரியை முடிக்காமல் நகரவில்லை. உம் கடையில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததேயில்லை.

வீட்டுக்கு வந்து மகளைப் போனில் கூப்பிட்டேன். “எல்லாம் புரிஞ்சிதும்மா, அச்சுக்குக் குடு. வெட்டுன துண்டு என்னாவுது? அத நீ எழுதலயே.”

“சுருக்குக் கயிறு மாதிரி வளஞ்சு கெடக்கும்பா. அப்புறம் சிதைஞ்சு, அதுல உள்ள எழுத்தெல்லாம் வேற சேதி எழுத ஆவுது.”

எனக்கு அது போதும். உம் பெயரை இந்த மடலில் எங்கும் நான் எழுதவில்லை. எழுத்தெழுத்தாக உடைத்து வைத்திருக்கிறேன். இப்போதுதான் அதிலிருந்து இரண்டு எழுத்தை எடுத்து என் மகளின் பெயரை எழுதினேன். மீதி என்னிடம் இருக்கட்டும். இன்னும் எழுத நிறைய இருக்கிறது.