கம்பம் இடக்கைப் பக்கம்

யமால், சைபீரியாவின் வடகோடி, ஆற்றுக்கு வடகரை
ஜூலை

சேர்னேயின் அப்பாவுக்கு,

ஹாத்னே எழுதிக்கொள்வது. உங்கள் கால் எலும்பு கூடி, கம்பூன்றி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று போன மாதமே கேள்விப்பட்டோம். மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆற்றைக் கடக்கும்போது ரேடியோ நனைந்துபோனது. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. மீன் வாங்க வரும் படகுக்காரர் இன்று ஊருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நம் பனிமான் மந்தையைப் பற்றிச் சொல்கிறேன். குளிர்காலத்தில் பனிமேல் மழை பெய்து பாறையாக இறுகியதே, அதிலிருந்து எதுவும் தேறவில்லை. பனிக்கு அடியிலிருக்கும் பாசியைத் தோண்டித் தோண்டிக் குளம்பு தேய்ந்ததுதான் மிச்சம். வசந்தத்தில் விலா எலும்பு தெரியத்தான் வடக்கே கிளம்பின. நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் முன் சொன்னபடியே, இந்த வருஷம் மேட்டுவழியை விட்டுவிட்டு ஏரிப்பக்கம் போனோம். வில்லோ புதரின் இலை மேய்ந்தால் உடம்பு தேறும் என்றீர்கள். உங்கள் பாட்டனாரின் மந்தை மொத்தமும் செத்த இடம் அங்கே இருக்கிறது, அதற்கு அடையாளமாக நட்ட கம்பத்தை இடக்கைப் பக்கம் விட்டுப் போனால் பயமில்லை என்றும் சொன்னீர்கள். அப்படியேதான் செய்தோம். இதை ஒரு குறையாக எழுதவில்லை.

அந்த வழியில் உங்களைத் தவிர எங்களில் யாரும் போனதில்லை. உச்சியில் மான் மண்டையோடு கட்டிய கம்பத்தை முதலில் பார்த்தவன் உங்கள் தம்பி யெர்கோ. "அண்ணி, அதோ நிக்குது பாருங்க, அண்ணன் மாதிரியே விறைப்பா" என்று சிரித்தான். நேராகத்தான் நின்றது. அடியில் புல்கூடக் கலையவில்லை. சறுக்குவண்டிகளையெல்லாம் அதற்குக் கிழக்கே நிறுத்திக் கூடாரம் போட்டோம். மந்தை செத்த இடத்தைப் பார்க்கக்கூடாது என்ற வழக்கப்படி நான் கம்பத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வில்லோ இவ்வளவு உயரம் வளர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆண்மான் உள்ளே போனால் கொம்பும் தெரியவில்லை. காற்று ஒரு துளி இல்லை. கொசுவுக்குப் புகை போட்டோம், புகையும் எழும்பாமல் தரையோடு படுத்துக் கிடந்தது. மான் நடந்தால் காலில் சொடுக்குப் போடும் சத்தம் வருமே, அது புதருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. மந்தை முழுவதும் புகையைச் சுற்றி எங்கள் கண்ணெதிரே படுத்திருந்தபோதும் கேட்டது. யெர்கோவிடம் சொன்னேன். "கொசு காதுக்குள்ள குடும்பம் நடத்துது அண்ணி, வேற ஒண்ணும் இல்ல" என்றான். ஆனால் அவனும் காது கொடுத்துக் கேட்டதை நான் பார்த்தேன். நாய்கள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவை, கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் ஒரு பெட்டைமான் தள்ளாடியது. இந்த வெக்கையில் தள்ளாடாமல் என்ன செய்யும் என்று நினைத்தோம். வீணாகப் போகக்கூடாது என்று யெர்கோ அதை அறுத்தான். நாம் எப்போதும் செய்வதுபோல் சுற்றி உட்கார்ந்து பச்சையாக, உடல் சூட்டோடேயே சாப்பிட்டோம். சேர்னேக்குச் சிறுநீரகம் என்றால் உயிர் அல்லவா. "சித்தப்பாவுக்குக் குடுக்காதம்மா, அவருக்கு ஏற்கெனவே தொப்பை" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து வாங்கினாள். ரத்தத்தில் தோய்த்து நானேதான் கொடுத்தேன்.

அடுத்து விழுந்த மான்களை நாங்கள் அறுக்கவில்லை. மூக்கிலிருந்து வந்த ரத்தம் தார் மாதிரி கறுப்பாக இருந்தது. உறையவே இல்லை.

ஏரியோரம் மண் சரிந்த இடத்திலிருந்து யெர்கோ ஒரு காதைக் கொண்டுவந்தான். முடியோடு, ஈரத்தோடு, நேற்று அறுத்ததுபோல் இருந்தது. அதில் நம் குடும்பத்துக் காதுவெட்டு அடையாளம். நம் மானைத்தான் யாரோ கொன்று போட்டிருக்கிறார்கள் என்று ஆத்திரமாக வந்தான். இரண்டு பேரும் மந்தையைத் தேடிப் பார்த்தோம். காது இல்லாத மான் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவன் மேட்டில் ஏறிப் பார்த்தான். இறங்கி வந்தவன் முதலில் எங்கள் அடுப்பை மிதித்து அணைத்தான். பிறகு, "அண்ணி, கம்பம் மேலதான் இருந்திருக்கு. குழி அங்க இருக்கு. சரிவு மொத்தமும் புல்லோட வழுக்கி ஏரிக்கு இறங்கியிருக்கு. கம்பம் சாயாம அது மேலயே உக்காந்து வந்திருக்கு" என்றான். எப்போதும் உறைந்து கிடந்த அடிமண் இளகிவிட்டது; இத்தனை வருஷம் அதில் கெடாமல் கிடந்ததுதான் அந்தக் காது. நாங்கள் கம்பத்தை இடக்கையில் விட்டு, வழக்கம் தவறாமல், பாட்டனாரின் மான்கள் மேலேயே அடுப்பு மூட்டியிருக்கிறோம். அந்த வில்லோ அவ்வளவு உயரம் வளர்ந்தது எதைத் தின்று என்று இப்போது புரிகிறது.

இது பாட்டனாரின் மந்தையைக் கொன்ற அதே அடைப்பான் நோய்தான், டாக்டர்கள் ஆந்த்ராக்ஸ் என்பார்களே, அது. சந்தேகமில்லை.

அன்றே ஆற்றைத் தாண்டி வந்துவிட்டோம். கூடாரத் தோல், பாய், மரப் பாத்திரம் எல்லாவற்றையும் அங்கேயே கொளுத்திவிட்டு, இங்கே வண்டித் துணியில் ஒரு சின்னக் கூடாரம் போட்டிருக்கிறேன். பிழைத்த மான்களை யெர்கோ கடற்காற்று வீசும் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். போகும்போது அவனுக்கும் காய்ச்சல் இருந்தது. திரும்பி வரவேண்டும், இன்னும் வரவில்லை.

சேர்னேக்கு உதட்டோரம் ஒரு புண். கொசுக்கடி என்றுதான் நினைத்தேன். இப்போது நடுவில் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருக்கிறது. வலிக்குதா என்று கேட்டால் வலிக்கவே இல்லை என்கிறாள். தொட்டுக் காட்டிச் சிரிக்கிறாள். அது வலித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நேற்றிலிருந்து உடம்பு கொதிக்கிறது. வெள்ளை மான் கூடாரத்து வாசலில் வந்து நிற்கிறது, ரொட்டி போடு என்கிறாள். வாசலில் எதுவும் இல்லை. எனக்கு ஒன்றுமில்லை. நான் குறைவாகத்தான் சாப்பிட்டேன்.

படகுக்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். அவர் கரையேறவில்லை, படகில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். ஆனால் மருத்துவமனையில் அவர் குடித்திருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே நீங்களே போங்கள். நடக்க முடியாவிட்டால் யாரையாவது பிடித்துக்கொண்டு போங்கள். பெரிய டாக்டர் முன்னால் நின்று, என் குழந்தை என்று சொல்லுங்கள். ஹெலிகாப்டர் கிளம்புகிற வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். மந்தையைப் பற்றி முதலில் பேசாதீர்கள். பேசினால் அவர்கள் கால்நடை மருத்துவரை மட்டும் அனுப்புவார்கள். கம்பத்தை அடையாளமாகச் சொல்லவே வேண்டாம். ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில், வடகரையில், கவிழ்த்த வண்டிமேல் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். இந்த மாதம் இங்கே இரவிலும் இருட்டுவதில்லை, எந்த நேரம் வந்தாலும் தெரியும்.

நீங்கள் சொன்ன வழி என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். கொடுத்தது என் கை.

அப்பாவுக்கு எழுதுகிறேன் என்றதும் சேர்னே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தன் பெயரைத் தானே எழுதுவாளாம், கீழே ஒரு மான் படமும் போடுவாளாம். காகிதத்தை நான் அவள் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டேன். கோபித்துக்கொண்டு கூடாரத் துணிப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அங்கே வந்து சேர்ந்ததும் அவளுக்கு நிறையக் காகிதம் கொடுங்கள். இப்போதைக்கு இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவுங்கள். பிறகு புறப்படுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
ஹாத்னே