மாட்டுத்தோல் கூழ்

குமாசி,
2 மார்ச் 2019

அன்பு மகள் அச்சியாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ கேட்கப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் அக்ரா பஸ் டிரைவர் சார்ஃபோவிடம் இதையும் ஒரு ஜாடி கூழையும் கொடுத்தனுப்புகிறேன். "போன தடவை ஜாடியை அப்படியே திருப்பிக் கொண்டாந்தேன் பெரியவரே. உங்க கூழ் ஊர் சுத்திப் பாக்கவா நான் பஸ் ஓட்டுறேன்?" என்கிறான். இந்த வயதில் இதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன்தான். பழைய பத்திரிகைகளைப் படித்தே தெரிந்துகொண்டேன், தோலில் இருக்கும் கொலாஜன்தான் முடிக்கு உரம் என்று. அக்ராவில் அதையே பொடியாக்கிப் பளபளக்கும் டப்பாவில் விற்கிறார்கள். நான் அடுப்பில் காய்ச்சினால் மட்டும் குற்றமா? இந்தத் தடவை தோலை விறகில் வாட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தலைக்குக் குளித்ததும் தடவிக்கொள்.

உன் அப்பா,
அம்போன்சா


அக்ரா,
11 மார்ச் 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாடியைத் திறக்கவில்லை. சார்ஃபோ திருப்பித் தருவார். அவரிடம் கோபப்படாதீர்கள்.

இறுக்கிப் பின்னியதில் எனக்கு நெற்றியோரம்தான் முடி போயிருந்தது. பின்னலை விட்டிருந்தால் வளர்ந்திருக்கும். விலை குறைவு என்று, மயிர் போக டயர் தீயில் பொசுக்கிய மாட்டுத்தோலை வாங்கி வந்து, கரியைக்கூடச் சரியாகக் கழுவாமல் காய்ச்சி, தலை முழுக்கப் பூசினீர்கள். எரிகிறது என்று அழுதேன். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். உக்காரு" என்றீர்கள். உட்கார்ந்தேன்.

கொலாஜன் பொடி, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. நேற்று டாக்டர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேரே போய்விட்டது, இனி எதைப் போட்டாலும் முளைக்காது என்றார். சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. விக் இல்லாமல் நான் வாசலுக்குக்கூடப் போவதில்லை. ஊருக்கு வந்தால் அத்தைகள் விளையாட்டுக்காவது அதைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

எனக்குக் கூழ் வேண்டாம் அப்பா. என் தப்புதான் என்று ஒரு வரி எழுதுங்கள். யார் எதைத் தூக்கிப் பார்த்தாலும் சரி, முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அச்சியா


குமாசி,
30 மார்ச் 2019

மகளே,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்ட வரி எனக்கு வரவில்லை. தோலைப் பொசுக்கியவன் நான் இல்லை. டயரில் பொசுக்கியதைத்தான் ஊரே குழம்பில் போட்டுத் தின்கிறது.

டாக்டர் சொன்னதைப் படித்தேன். கூழ் காய்ச்சும் சட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெற்றவர் செத்தால் பிள்ளைகள் தலையை மழித்துக்கொள்வார்கள். உன் பெரிய அத்தை போனபோது அவள் பெண்கள் மொட்டைத் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யார் தலையையும் யாரும் பார்க்கவில்லை. எனக்கும் அந்த நாள் வரும். உன் அண்ணன்மாருக்கு நடுவில் நீ உட்காரலாம். விக் வேண்டாம். ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்காவது வா. உன்னைக் கூட்டி வரச் சார்ஃபோவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அப்பா