வேல்ஸ் பயணங்களைப் பற்றி நாலு பக்கம்

என் அன்பு மச்சான் யோகன்,

உன் மகள் அபி என்னிடம் நாலு பக்கம் கேட்டிருக்கிறாள். வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம். அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அடிக்கிறாள். தேவாரம், குடும்பப் படம், நன்றி நவிலல் எல்லாம் தயாராம். "நடுவில உங்கட கட்டுரைதான் மாமா. அப்பாவும் நீங்களும் ஓடின வேல்ஸ் ட்ரிப் எல்லாம் எழுதுங்கோ. வாசிக்கிற ஆக்கள் சிரிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் பக்கம் நன்றாகத்தான் போகிறது. இரண்டாம் பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. நீ போன அன்று காலையில் என்னிடம் சொன்னதை நான் இந்த ஒரு வருசமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. அதை மறைத்துவிட்டு உன்னைப் பற்றிப் பகிடி எழுத எனக்கு ஏலாது. அதனால் அவளுக்கு எழுதாமல் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் கேட்டதை எழுதுகிறேன். அதையாவது செய்யவேண்டும்.

ஒன்பது கோடைகாலம். சனிக்கிழமைகளில் விடிய ஐந்து மணிக்கு லண்டன் குட்மேய்ஸ் ஸ்டேசனடியில் எங்கள் மினிபஸ் வானை நிறுத்துவோம். நான் ஓட்டுவேன், நீ கதைப்பாய். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விசிட் விசாவில் பிள்ளைகளிடம் வந்த தாய் தகப்பன்மார். பிள்ளைகளுக்கு ஷிப்ட், பெற்றோருக்கு நாலு சுவரும் ஒரு டிவியும். "உந்தச் சனம் லண்டனில கட்டில்ல இருந்திட்டு, குளிருது எண்டு சொல்லிக்கொண்டு திரும்பிப் போகுதுகள் மச்சான். ஒரு மலையாவது பாக்க வேண்டாமே?" என்பாய். அப்படித் தொடங்கியதுதான் எல்லாம்.

சேலையோடும் செருப்போடும் வந்து ஏறுவார்கள். அதற்கென்றே நீ வால்தம்ஸ்டோவில் கடை கடையாக ஏறி, பழைய சாமான் விற்கிற இடங்களில் ரப்பர் சப்பாத்து வாங்கிச் சேர்த்தாய். எல்லா அளவிலும் ஒரு பெட்டி, கடைசி சீற்றுக்குக் கீழே. நீர்வீழ்ச்சிக்குப் போகிற கார் பார்க்கில் முழங்காலில் நின்று ஒவ்வொரு அம்மாவுக்கும் சப்பாத்து மாட்டிவிடுவாய். பட்டுச் சேலையும் பச்சை ரப்பர் சப்பாத்துமாக அவர்கள் காட்டுப் பாதையில் வரிசையாக இறங்குகிறதை, நாய்களோடு நடக்க வந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள்.

நிலக்கரிச் சுரங்கம் பார்க்கப் போன நாள் நினைவிருக்கிறதா? கீழே இறங்க முதல் பற்றரி போட்ட சாமான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். ஒரு ஐயா காதில் இருந்த மிசினையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். முக்கால் மணித்தியாலம் ஒன்றும் கேளாமல் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தவர், மேலே வந்து, "நல்ல விளக்கமாச் சொன்னவன்" என்றார். கரிக்கோச்சி ரயில் ஓடுகிற இடத்தில் யன்னல் சீற்றுக்கு எழுபது வயதுக்காரர் இரண்டு பேர் பிடித்த சண்டையை நீதான் தீர்த்து வைத்தாய். இடிந்த கோட்டையைப் பார்த்து ஒரு அம்மா, "இது எந்த ஷெல்லடியில விழுந்தது தம்பி?" என்று கேட்டா. நீ சிரிக்கவில்லை. இது பழைய சண்டை அம்மா, பீரங்கிக் காலத்துச் சண்டை என்று பொறுமையாகச் சொன்னாய்.

வேல்ஸுக்குள் போகிற பாலத்தைத் தாண்டினதும் நீ மைக்கை எடுப்பாய். "எல்லாரும் போர்டைப் பாருங்கோ. மேல இருக்கிறது இவங்கட பாஷை. கீழதான் இங்கிலிஸ்." வானுக்குள் அதுவரை நடந்த கதை எல்லாம் நின்றுவிடும். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருத்தர் ஒருமுறை, "சண்டை பிடிச்சு எடுத்ததோ, கேட்டு எடுத்ததோ?" என்று கேட்டார். "விடாமல் கேட்டு" என்றாய். அவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்டையும் வாய்விட்டு எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். எனக்கு விசர் பிடித்தது. நீ அவரைத் தடுக்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் அபிக்குப் போதும். ஆனால் இனித்தான் அந்தச் சனிக்கிழமை வருகிறது.

அன்று பதின்மூன்று பேர். பாலத்துக்கு இந்தப் பக்கம் மோட்டர்வே சேர்விஸில் நிறுத்தினோம். எல்லாரும் டொய்லெட்டுக்குப் போக, நீ வானில் சாய்ந்து நின்று, "மச்சான், நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி அமத்துது" என்றாய். முகம் வேர்த்திருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"இராத்திரிக் கொத்துரொட்டியை உந்த இழுவை இழுத்தா அமத்தாமல் என்ன செய்யும்? வாய்வடா. சோடா ஒண்டு குடி" என்றேன். நானே போய் இஞ்சிச் சோடா வாங்கி வந்தேன். குடித்தாய். ஏப்பம் விட்டாய். "பாத்தியே, நான் சொன்னன்" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அவ்வளவுதான். ஒரு மனுசனை அனுப்பி வைக்க அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது.

எங்கள் சனம் நெஞ்சு நோ என்று சொன்னால் முதலில் வாய்வு என்றுதான் சொல்லும். எனக்கு அது சாட்டு இல்லை. வானைத் திருப்பினால் பதின்மூன்று பேரின் ஒரு நாள் போய்விடும், வந்தவர்களில் பரமேஸ்வரி அம்மாவுக்கு வேறு செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பிளைட், அவவுக்கு இனி இந்தச் சந்தர்ப்பம் இல்லை என்று அந்த நேரம் மனதில் கணக்குப் போட்டேன். உண்மையாகவே வாய்வு என்று நம்பினேனா, நம்புவது வசதியாக இருந்ததா? இதை ஒவ்வொரு நாளும் என்னையே கேட்கிறேன்.

நீ ஏன் என்னை நம்பினாய்? குரோய்டனில் அந்தப் பெரிய குடிவரவுக் கட்டடத்துக்கு வெளியே, மழையில், லைனில் உனக்கு முன்னால் நின்றவன் நான். எந்தக் கடிதத்தை முதலில் கொடு, எதைக் கேட்டால் எதைச் சொல் என்று சொல்லித் தந்தேன். விசா கிடைத்தது. அன்று பிடித்த நம்பிக்கை. வீடு வாங்கும்போதும் என்னைக் கேட்டாய், அபிக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும்போதும் கேட்டாய். ஒருமுறையாவது "நீ என்ன டொக்டரோ?" என்று என்னை ஏசியிருக்கக் கூடாதா, மச்சான்?

நீர்வீழ்ச்சியில் நீ கீழே கூட்டிக்கொண்டு போனாய். தண்ணீருக்குப் பின்னால் நின்று படம் எடுத்தார்களாம். பன்னிரண்டு பேரை மேலே கொண்டுவந்து விட்டாய். பரமேஸ்வரி அம்மா பாதி வழியில் ஒரு கல்லில் குந்திவிட்டா, இனி ஏறமாட்டேன் என்றா. நீ திரும்ப இறங்கினாய். நான் வானின் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றேன். முழங்கால் நோ என்று ஒன்பது வருசமாகச் சொல்லிக் கார் பார்க்கிலேயே நின்றவன் நான்.

பிறகு ஹெலிகொப்டர் வந்தது. மரங்களுக்கு மேலே தாழப் பறந்து வந்ததும் எங்கள் சனம் பழைய பழக்கத்தில் வானுக்கு அடியில் பதுங்கப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு. "பயப்பிடாதேங்கோ, இது இஞ்சத்தை ஹெலி. ஆரோ தண்ணிக்க விழுந்திட்டாங்கள் போல, தூக்க வாறாங்கள்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். உனக்குக் காட்ட வேண்டும் என்று போனில் படம் எடுத்தேன். நாப்பது செக்கன் வீடியோ. அது இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது.

நாய் ஒன்றோடு ஓடி வந்த வெள்ளைக்காரப் பெண், சிவப்பு ஜக்கெட் போட்டவர் உங்களோடு வந்தவரா என்று கேட்டா. கீழே போன் வேலை செய்யவில்லை, மேலே ஏறித்தான் ஆம்புலன்சுக்கு அடித்தேன் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னா. நான் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குப் பக்கத்தில் பரமேஸ்வரி அம்மா ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுங்காலுமாக இருந்தா. மற்றச் சப்பாத்தை நீ கழற்றி, உள்ளே போன கல்லைத் தட்டிக்கொண்டு இருந்தபோதுதான் சாய்ந்தாயாம்.

ஆஸ்பத்திரியில் அபி என் கையைப் பிடித்துக் கேட்டாள். "மாமா, அப்பா மோர்னிங் ஏதும் சொன்னவரா? நோகுது, ஏலாமல் இருக்கு, ஏதும்?"

"இல்லைப் பிள்ளை. பகிடி விட்டுக்கொண்டுதான் வந்தவர்" என்றேன். உன் மனுசி வசந்தி அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு பொய் குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் கோடையும் சனம் போன் எடுக்கிறது, "அண்ணை, வேல்ஸ் போறியளோ? அம்மா வந்து நிக்கிறா." வான் பழுது என்கிறேன். வான் பழுதில்லை. தெருவில் நிற்கிறது, ஒரு ரயர் மட்டும் காற்றுப் போய்விட்டது. அந்த நீர்வீழ்ச்சிப் பாதையில் இப்போது கைபிடி போட்டிருக்கிறார்களாம், வேறு ஆட்களோடு போன ஒருவர் சொன்னார். எனக்கு ஏன் சொல்கிறார் என்று கோபம் வந்தது.

பரமேஸ்வரி அம்மா சாவகச்சேரியிலிருந்து மாதம் தவறாமல் என்னோடு கதைக்கிறா. ஒவ்வொரு தரமும் ஒரே கதைதான். "நான் அந்தக் கல்லில குந்தாட்டி அந்தத் தம்பி இருந்திருக்கும். என்ர பாவம்." சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டா. நான் என்ன சொல்வேன் தெரியுமா? "விதியம்மா" என்பேன். ஒரு வயதான மனுசி நான் செய்ததைத் தலையில் சுமந்துகொண்டு பட்டினி கிடக்கிறா, நான் விதி என்கிறேன். என்னைவிட ஒரு கேடு கெட்டவன் இருப்பானா?

இவ்வளவையும் எழுதிவிட்டு, அபியிடம் கொடுக்க முதல் வசந்திக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நேற்றுப் பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். அவள் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள். நான் வாசித்தேன். "வாய்வடா" என்ற இடத்தையும் விடாமல் வாசித்தேன். அவள் அழவில்லை. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"தெரியும் அண்ணை" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அவர் அந்தச் சேர்விஸில நிண்டு எனக்கும் போன் எடுத்தவர். நெஞ்சு அமத்துது எண்டார். அண்ணையிட்டச் சொல்லுங்கோ எண்டன். சொல்லிட்டன், வாய்வெண்டு சொல்லிச் சோடா வாங்கித் தந்தவர் எண்டார்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அப்ப அண்ணை சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு நான் போனை வைச்சிட்டன்."

நான் பொய் சொன்னபோது அவள் தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த நாளிலிருந்து நான் போகும்போதெல்லாம் தெரிந்துகொண்டேதான் தேத்தண்ணீர் போட்டுத் தந்திருக்கிறாள்.

"உங்களை வாய் நிறைய ஏசவேணும் எண்டு எத்தினை நாள் இருந்திருப்பன்" என்றாள். "ஏசினா நான் சொன்னதையும் சொல்லவேணுமே."

இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாய், யோகன். உன் மேல் உயிராக இருந்த இரண்டு பேரிடம். இரண்டு பேரும் உன்னைத் திரும்ப மலைக்கு அனுப்பினோம். என் பாரத்தில் பாதியை அவள் எடுத்துக்கொள்வாள் என்று ஒரு மூலையில் ஆசைப்பட்டுத்தான் போனேன் போல. பாதியாகவில்லை. அவளுடையதையும் நான்தான் செய்திருக்கிறேன். நான் சொன்னால் சரி என்று அவளையும் நம்ப வைத்திருந்தவன் நான்தானே. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வாசலில் வைத்து, "அபிக்கு?" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை வாறாள். நீங்களும் வாங்கோ. எனக்குத் தனியச் சொல்ல ஏலாது" என்றாள்.

போகிறேன், மச்சான். இது உனக்கு நான் தருகிற வாக்கு. வசந்தியை முதலில் சொல்ல விடமாட்டேன். சொல்லி முடித்த கையோடு சாவகச்சேரிக்குப் போன் எடுத்து, உங்கள் மேல் ஒரு பாவமும் இல்லை அம்மா என்பதையும், அது ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அபி இதை மலரில் போட்டாலும் சரி, கிழித்து என் முகத்தில் எறிந்தாலும் சரி, இனி மாமா என்று கூப்பிடாமலே விட்டாலும் சரி. ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதற்கு நான் சொல்லாத மறுமொழியை ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: ஓம் பிள்ளை, சொன்னவர். என்னட்டைத்தான் சொன்னவர்.

உனக்கு மச்சானும்,
வசந்தி இன்னும் அண்ணை என்று கூப்பிடுகிறவனுமான
சிவம்
குட்மேய்ஸ், லண்டன்