கம்பளிக் கூடாரத்தில் அம்மாவின் இடம்

அன்புள்ள அம்மா,

மாஸ்கோவில் வேலை எப்படி, குளிர் எப்படி? இங்கே எல்லோரும் நலம்.

நேற்றுப் பள்ளியில் முதல் வகுப்புக் குழந்தைகள், கோடையில் நாம் மலைமேல் போடுவது போலவே, குச்சியிலும் கம்பளியிலும் சின்னக் கூடாரங்கள் செய்தார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து உதவிக்கு என்னைத்தான் அழைத்தார்கள்! சோப்புத் தண்ணீரில் கம்பளியை உருட்டி, வீட்டில் இருப்பவர்களைப் பொம்மைகளாக்கி உள்ளே வைக்க வேண்டும். நம் பெகிமாய் உங்களை வாசலுக்கு நேர் எதிரே, விருந்தாளிகளின் இடத்தில் உட்காரவைத்தாள்.

"ஏய், வீட்டு ஆளு யாராச்சும் அங்க உக்காருவாங்களா?" என்று அவள் வகுப்புப் பையன் தாலாய் அவளைக் கேலி செய்தான்.

"போடா! எங்கம்மா வந்தா ஆடு வெட்டுவோம், புதுச் சட்டை போடுவோம். அப்புறம் அவங்க கிளம்பிடுவாங்க. விருந்தாளிதானே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் உங்கள் பொம்மையை எடுத்து, பாத்திரங்கள் இருக்கும் வலப்பக்கத்தில் வைத்தேன்.

"அம்மா இடம் இதுடி."

"அங்கதான் நீ உக்காந்து சமைக்கிறியே! நீ எங்க போவ?"

என் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தினேன். இரண்டு பேர் உட்காரத் தாராளமாக இடம் இருக்கிறது, அம்மா. வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் மூத்த மகள்