வாசலுக்கு வராத கார்

அன்பு மகன் நிரோஷனுக்கு,

நம் வாசலுக்குக் கார் வராமல் செய்தது நீதான். அம்மன் புண்ணியத்தில் நீ ஜெர்மனியில் சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல் எழுத எனக்கு மனமில்லை. குரலில் சொன்னால் நீ பாதியில் வெட்டுகிறாய், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மட்டக்குளி ரோடு வரை நடக்க அவருக்கு மூச்சு இல்லை. முந்தி நான் போனில் கார் கூப்பிட்டால் சாட்டிலைட் பிழையாக ரோட்டோரப் பேக்கரியைக் காட்டும். டிரைவர் அங்கே வந்து நிற்பான், தம்பி, நடக்க ஏலாத மனுசன், கொஞ்சம் உள்ளுக்கு வாங்க என்பேன், முனகிக்கொண்டாவது வருவான், வந்தவனுக்குத் திரும்பிப் போக மனம் வராது. நீதான் சிரித்துக்கொண்டு சொன்னாய், அந்தப் பிழையைத்தான் எங்கள் ஒஃபிசில் திருத்துகிறோம், இனிக் கார் ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியும் என்று. நானும் பக்கத்து வீட்டு யூஜினாவிடம் பெருமையடித்தேன். இப்போது திருந்திவிட்டது. புள்ளி நேரே நம் கதவில் விழுகிறது. பலகை வீடுகள் நெருக்கியிருக்கும் இந்தச் சேரித் தோட்டம் என்று கண்டதும் டிரைவர்கள் பயணத்தை வெட்டிவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவன் மட்டும் போன் எடுத்தான், அம்மா, அது போதைக் குடு விக்கிற இடமாமே, வாகனத்த கீறுவாங்க, ரோட்டுக்கு வாங்க என்றான். நானும் யூஜினாவும் அப்பாவைப் பிளாஸ்டிக் கதிரையோடு மழையில் தூக்கிப்போனோம். நனைந்த சாரத்தையும் வீங்கிய காலையும் பார்த்து, சீட் நாறிப்போகும் என்று போய்விட்டான். அன்றைய முறை தவறியது, மனுசன் சாய்ந்து படுக்க ஏலாமல் உட்கார்ந்தே இருக்கிறார். வெள்ளிக்கிழமையும் தவறினால் தாங்காது என்று நர்ஸ் சொல்கிறாள். அவரோ பகிடி விடுகிறார், பிரேத வான் வாசல் வரைக்கும் வருமடி, அவன் மேப் பாக்க மாட்டான் என்று.

உன் வேலை காருக்குள் இருக்கும் வழிகாட்டும் பெட்டி, இது போன், டிரைவர்களின் புத்திக்கு நான் என்ன செய்ய என்பாய். இருக்கட்டும். எங்கள் கதவைச் சாண் கணக்கில் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஒதுக்குகிறவனுக்குத்தான் வசதி, அது உங்கள் ஒஃபிசில் ஒருவனுக்கும் தோன்றவில்லையா. உனக்காவது தோன்றியிருக்க வேண்டும், நீ இங்கே பிறந்தவன். போன வருசம் கட்டுநாயக்கா ஏர்போட்டிலிருந்து வந்தபோது நீயே ரோட்டில் இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாய். பாதை ஒடுக்கம் என்றாய். தண்ணீர் பவுசர் லொறியே வந்துபோகும் பாதை மகனே அது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, அம்மன் உனக்குத் துணையிருப்பாள். வெள்ளிக்கிழமைக்குக் காரை அங்கிருந்து நீ கூப்பிடு. டிரைவர் உனக்குப் போன் எடுப்பான். அது என் வீடு, அந்த மனுசன் என் அப்பா என்று, தமிழ் தெரியாதவன் என்றால் சிங்களத்தில், அவனிடம் உன் வாயால் சொல். நேற்று மெசேஜிலும் இதைத்தான் கேட்டேன், நீ பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. சொல்வாயா?

உன் அம்மா,
பு. யோகேஸ்வரி